பாதுகாப்பு உபகரணப் பொது நிதிக்கு நன்கொடை வேண்டி ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும், நம் களத்தில் ஓட்டிப் பழகி இன்று பல திசைகளில் வாழும் முன்னாள் ஓட்டுநர்களுக்கும், பெற்றோருக்கும், மெக்கானிக் தோழர்களுக்கும் நிதிக் குழுவின் பணிவான வணக்கம்.

நம் கார் பந்தயக் கழகத்தின் பொது உபகரண அறையில் இருக்கும் 20 ஹார்னஸ்களில் (ஓட்டுநரை இருக்கையோடு கட்டிப் பிடிக்கும் பட்டைகளில்) 16 ஹார்னஸ்கள் வருகிற டிசம்பர் 31 அன்று காலாவதியாகின்றன. அதே நாளில் 9 பந்தய இருக்கைகளின் காலமும் முடிகிறது. 14 ஹெல்மெட்டுகளில் 10 பழைய தரத்தைச் சேர்ந்தவை என்பதால் அடுத்த பருவத்தின் தகுதிச் சோதனையில் அவற்றை ஏற்கமாட்டார்கள். 8 தீத்தடுப்பு உடைகளையும் மாற்றியாக வேண்டும். இதுவரை சேர்ந்துள்ள தொகையைக் கொண்டு 7 ஹார்னஸ், 4 இருக்கை, 6 ஹெல்மெட், 3 உடை வாங்க முடியும். மீதமுள்ள 9 ஹார்னஸ், 5 இருக்கை, 4 ஹெல்மெட், 5 உடை ஆகியவற்றுக்காகவே இந்த விண்ணப்பத்தை எழுதுகிறோம். இவை வந்து சேராவிட்டால், பருவத்தின் முதல் பந்தயத்தில் நம் இளம் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கழகத்தைத் தொடங்கிய பெரியவர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுக்கு நிலையான ஓடுதளம் இல்லை. கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவுகளை அமைத்துக்கொண்டார்கள். வார நாள்களில் வேலைக்குப் போய்வந்த சாதாரணக் காரின் பின் இருக்கையைச் சனிக்கிழமை இரவில் கழற்றி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டான ரோல் கேஜுக்கான குழாயை வளைத்ததும், வெல்டிங் செய்ததும், செய்த வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிச் சோதித்ததும் அவர்களே. பயிற்சி ஓட்டமாக இருந்தாலும் ஹெல்மெட் இல்லாமல் எவரும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் கூடாது என்று, எந்த விதிப் புத்தகமும் தங்களைக் கேட்பதற்கு முன்பே, தங்களுக்குத் தாங்களே கட்டளை இட்டுக்கொண்டார்கள். வசதி இல்லாதவனும் ஓட்ட வேண்டும், ஓட்டுகிறவன் வீடு திரும்ப வேண்டும் என்ற அந்த இரண்டு எண்ணங்களில் இருந்துதான் ஒரே ஹெல்மெட்டை மூவர் மாற்றி மாற்றி அணிந்த அந்தக் காலத்தின் பொதுப் பெட்டி பிறந்தது. இன்று நாம் உபகரண அறை என்று அழைப்பது அந்தப் பெட்டியின் வளர்ச்சியே. இறையருளால் இந்நாள்வரை நம் களத்தில் ஓர் உயிரும் போகவில்லை. அந்த அருளை நம்பி, காலாவதியான ஹார்னஸில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கும் உரிமை இந்தக் குழுவுக்கு இல்லை.

"விதிகள் வருடத்துக்கு வருடம் கடுமையாகிக்கொண்டே போகின்றன, பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு எதற்கு இத்தனை?" என்று உறுப்பினர்கள் சிலர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். செலவைப் பற்றிய அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த விதிகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய மரணத்துக்கோ தீக்காயத்துக்கோ பின்னரே எழுதப்பட்டன. பீட் ஸ்னெல் என்ற அமெச்சூர் ஓட்டுநர் 1956-இல் பந்தய விபத்தில் இறந்தார். அவர் அணிந்திருந்த ஹெல்மெட் அவருடைய தலையைக் காக்கத் தவறியது. அடுத்த ஆண்டே நண்பர்கள் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளைதான் ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளித்து வருகிறது. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் நொறுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி சிக்கிக் கிடந்தார். அவரை விடுவிக்க ஓடிவந்த சக ஓட்டுநர்கள் ஸ்பானரைப் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்க வேண்டியிருந்தது. உலக அளவிலான பந்தயத்திலேயே அன்றைய நிலை அதுதான்.

கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் சாதனத்தின் கதை நம் போன்ற கழகங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1981-இல் பாட்ரிக் ஷாக்மார் என்ற ஓட்டுநர் சோதனை ஓட்டத்தில் மோதி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது முன்னோக்கி வீசப்பட்டுக் கழுத்து முழுச் சுமையையும் ஏற்கும். ஷாக்மாரின் நண்பரான ஜிம் டௌனிங் என்ற ஓட்டுநரும், அவருடைய மைத்துனரும் உயிர்ப்பொறியியல் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டும் சேர்ந்து அதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். ஆயினும் கழுத்தைத் திருப்ப முடியாது, தோளை உறுத்தும் என்று சொல்லி ஓட்டுநர்கள் நெடுங்காலம் அதை ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் அதே வகை முறிவால் இறந்த பிறகே அந்நாட்டின் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா 1 பந்தயங்களில் 2003-இல் கட்டாயமானது. தீர்வு கையில் இருந்தும் அத்தனை ஆண்டுகள் அது அணியப்படாமல் கிடந்ததை நினைக்கும்போது, விதியைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை.

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரொமேன் குரோஷான் ஓட்டிய கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. ஏறக்குறைய 28 விநாடிகள் தீயின் நடுவே இருந்தும், கைகளில் தீக்காயத்தோடு அவர் தாமே வெளியே ஏறி வந்தார். ஓட்டுநரின் தலையைச் சுற்றி அமைந்த காப்பு வளையமான ஹாலோ, ஹார்னஸ், கழுத்துக் காப்பு, ஹெல்மெட், உடை என ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்தது. அவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இனி, செலவு ஏன் இப்படிக் கூடுகிறது என்பதைச் சொல்கிறோம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-இன் தரம் பெற்ற ஹார்னஸுக்கு ஆயுள் 5 ஆண்டு, அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.எஃப்.ஐ.-இன் தரம் பெற்றதற்கு 2 ஆண்டு மட்டுமே. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும், வியர்வையும், தூசியும் நாடாவின் இழையை உள்ளுக்குள் நலிவடையச் செய்கின்றன. அறைக்கு வந்து பார்ப்பவர்களுக்கு நாங்களே எடுத்துக் காட்டுகிறோம்: தோள் நாடாவை விரலால் வருடினால் ஓரத்தில் பூனைமயிர் போல இழை சிலிர்த்து நிற்கும், கொக்கி உராயும் இடத்தில் நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகி இருக்கும். ஹெல்மெட்டின் கதையும் அப்படித்தான். ஓடு பளபளப்பாகவே இருக்கும். உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு ஒரு மோதலில் நசுங்கித் தலையைக் காத்தபின் மறுமுறை நசுங்க அதற்கு இடம் இராது. ஸ்னெல் தரமோ 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2010, 2015, 2020, 2025 என்று புதிய தரம் வர வர, மிகப் பழையதை ஏற்பது நிறுத்தப்படுகிறது. தீயணைப்புச் சிலிண்டர்களை 2 ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து நிரப்ப வேண்டும். பாதுகாப்பு எரிபொருள் தொட்டியின் உள்ளே இருக்கும் ரப்பர் பைக்கு 5 ஆண்டு. தயாரித்தவரே சோதித்துச் சான்றளித்தால் மேலும் 2 ஆண்டு. தீத்தடுப்பு உடையிலும் பெரிய வேறுபாடு உண்டு. எஸ்.எஃப்.ஐ. வரிசையில் மிகக் கீழ்ப்படியில் உள்ள ஓரடுக்கு உடை இரண்டாம் நிலைத் தீக்காயத்தைச் சுமார் 3 விநாடி தள்ளிப்போடும். பல அடுக்கு கொண்ட, '5' என்று தரக் குறியிட்ட உடை சுமார் 10 விநாடி தரும். ஹார்னஸைக் கழற்றிக் கதவைத் திறந்து வெளியே வர 3 விநாடி போதாது என்பது ஒருமுறையேனும் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு புதிய தரமும் கூடுதல் சோதனைகளைக் கோருகிறது. அந்தச் சோதனைகளின் செலவு சிறிய எண்ணிக்கையில் விற்கும் பொருள்களின் மேல் ஏறுகிறது. பல பொருள்களை ஒரே ஆண்டில் வாங்கியிருந்தால் அவை ஒரே ஆண்டில் சேர்ந்தே காலாவதியாகும். நம்முடைய இப்போதைய நெருக்கடி அதனால்தான் இவ்வளவு பெரிதாக வந்து நிற்கிறது. ஆகவே இம்முறை குழு இரண்டு முடிவுகள் எடுத்துள்ளது. ஹார்னஸ்களை எஃப்.ஐ.ஏ. 8853-2016 தரத்திலேயே வாங்குவோம். முதலில் விலை கூடினாலும் 5 ஆண்டு வரும். இருக்கைகளை, 5 ஆண்டே வந்த 8855-1999 தரத்தை விட்டு, 10 ஆண்டு வரும் 8855-2021 தரத்தில் வாங்குவோம். மலிவானதை வாங்கிவிட்டு இரண்டே ஆண்டில் மறுபடியும் உங்கள் முன் கையேந்தி நிற்பது கொடுப்பவர்களுக்கு நாங்கள் செய்யும் மரியாதை ஆகாது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. மகன் பந்தயத்தை விட்டு வேறு வாழ்க்கைக்குப் போன பிறகும், ஆண்டு தவறாமல் ஒரு ஹெல்மெட்டுக்கான தொகையை அனுப்பும் அந்தத் தாயாருக்கு எங்கள் நன்றி. தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சிலிண்டர்களைச் சரிபார்க்கும் செலவு முழுவதையும் ஏற்றிருக்கும் அன்பருக்கு எங்கள் நன்றி. கூலி வாங்காமல் ரோல் கேஜ்களைச் செய்து கொடுப்பதோடு, பிறர் செய்த வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் விடாமல் வெட்டி மறுபடி செய்யும் நம் மூத்த மெக்கானிக்குக்கு எங்கள் நன்றி. முதல் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த முன்னாள் மாணவர்களையும், சிறு தொகையை "இவ்வளவுதான் முடிந்தது" என்ற கூச்சத்தோடு தந்தவர்களையும் குழு தலைவணங்கி நினைக்கிறது. அவர்களுடைய ஓட்டமும் குடும்பமும் எல்லா நலமும் பெற்று வாழ ஆண்டவனை வேண்டுகிறோம்.

இன்னும் கொடாதவர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். இந்த அறையின் பதிவேட்டில் யார் எந்த ஹெல்மெட்டை எத்தனை பருவம் அணிந்தார் என்பது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காசு கட்டணம் கொடுக்காமல் பொது ஹார்னஸில் ஓட்டி, கோப்பை வாங்கி, அந்தப் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர்கள் நம்மில் பலர். அந்த ஹார்னஸையும் யாரோ ஒருவர் வாங்கித் தந்திருந்தார். சென்ற பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தொகை அறிவித்துக் கைதட்டல் பெற்றவர்கள் சிலரிடமிருந்து அத்தொகை இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுடைய சிரமங்களை நாங்கள் அறியாமல் இல்லை. முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைத் தாருங்கள், தவணையாகவும் தரலாம், மௌனமாக இருந்துவிடாதீர்கள். கழகத்தில் பெயர் பதிந்து காத்திருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாமே ஒரு முழு உபகரணத் தொகுதி வாங்கும் வசதி இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று. அதை நிறைவேற்றும் சக்தி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பொது நிதி இல்லாவிட்டால், திறமை உள்ளவன் வெளியே நிற்பான் அல்லது யாரோ கழித்துப் போட்டதை ரகசியமாக அணிந்து எங்கேயாவது போய் ஓட்டுவான். இரண்டாவதை நினைத்தால் எங்களுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

பழைய ஹார்னஸ், பழைய ஹெல்மெட், விபத்தில் இருந்த இருக்கை ஆகியவற்றை அன்பு கூர்ந்து நன்கொடையாக அனுப்ப வேண்டாம். நல்லெண்ணத்தில் அனுப்புகிறீர்கள் என்று தெரிந்தும் அவற்றைப் பயன்படுத்த எங்களால் இயலாது. தரச்சான்று முத்திரைச் சீட்டு கிழிந்தோ எழுத்து அழிந்தோ இருந்தால் தகுதிச் சோதனையில் அந்தப் பொருள் இல்லாததற்குச் சமம். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று முன்பின் தெரியாத இடத்தில் புதிதாக வாங்கித் தருவதையும் தவிர்த்து, தொகையாகவே தாருங்கள்; போலி முத்திரைகள் உலவுகின்றன என்பதால், தரச்சான்றைச் சரிபார்த்துக் குழுவே வாங்கும்.

ஒருவர் ஒரு முழு ஹார்னஸையோ இருக்கையையோ ஏற்கலாம். நால்வர் ஐவர் சேர்ந்து ஓர் உடையை ஏற்கலாம். எந்தப் பொருளுக்கு என்று குறிப்பிட்டால் அதற்கே பயன்படுத்துவோம். அன்றைய பொருள் விலையையும், வாங்கிய பொருளின் முத்திரை எண், காலாவதி ஆண்டு, ரசீது நகல் ஆகியவற்றையும் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைப்போம். கணக்கை எந்த உறுப்பினரும் எந்நேரமும் வந்து பார்க்கலாம். பொருள்கள் வந்து சேரவும், அவற்றைக் காரில் பொருத்திச் சோதிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், தொகை நவம்பர் 30-க்குள் பொருளாளரிடம் வந்து சேர வேண்டும்.

இங்ஙனம்,
பாதுகாப்பு உபகரணப் பொது நிதிக் குழுவினர்