உன் மகளுக்கு வீடு பார்க்கும் விஷயமாக

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டல் இடம் கிடையாது, வெளியே வாடகைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். மாணவர் நலப் பிரிவில் இத்தனை வருடமாக நான் பார்க்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அவர்களுக்குச் சொல்வதை உன் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவேனா?

அவள் எழுதி வைத்திருக்கும் அறைகளின் பட்டியலைப் பார்த்தேன். வாடகை, படம், கேம்பஸிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் முக்கியமான ஒன்று அதில் இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் வகுப்பில் போய் உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய நகரத்தில் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் வழியைப் பார்க்க வேண்டும். அறை சுமாராக இருந்தால் ஒரு திரைச்சீலையும் ஒரு விளக்கும் வாங்கிச் சமாளித்துவிடலாம். வழி மோசமாக இருந்தால் யாராலும் சரிசெய்ய முடியாது. தினமும் இரண்டு தடவை அதை அனுபவித்தே ஆக வேண்டும்.

கிலோமீட்டரை நம்பி வீடு பிடிக்கிறவர்கள்தான் அதிகம். நடுவில் ஓர் ஆறோ, தண்டவாளமோ, குறுக்கே கடக்க முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் மூன்று கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி ஆகிவிடும். நேர் ரயில் இருந்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தூரத்தை நேரத்தால் அளக்கிற யோசனை ஒன்றும் புதிதில்லை. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1881-லேயே ஓர் உலகப் படம் வெளியிட்டார். லண்டனிலிருந்து கிளம்பி பத்து நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களுக்கு ஒரு நிறம், இருபது நாளுக்குள் என்றால் இன்னொரு நிறம் என்று தீட்டியிருந்தார். உன் மகள் கேம்பஸை நடுவில் வைத்து அதையே செய்து பார்க்கலாம். ஒன்பது மணி வகுப்புக்கு எட்டரைக்குள் கிளம்பினால் போதும் என்கிற இடங்கள் எவை என்று போனில் இருக்கும் வரைபடத்தில் கிழமையும் நேரமும் கொடுத்துத் தேடட்டும். அந்த இடங்கள் கேம்பஸைச் சுற்றி வட்டமாக அமையாது. ரயில் தடங்களை ஒட்டி விரல் விரலாக நீளும். விரல் நுனிப் பக்கம் வாடகை பெரும்பாலும் குறைவாக இருக்கும். அவள் தேட வேண்டிய இடம் அதுதான்.

எவ்வளவு நேரம் வரை தாங்கும் என்று கேட்பாய். சீசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர்கள் போய்வருவதற்காக ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரம்தான் செலவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதாவது போக அரை மணி, வர அரை மணி. நான் பார்த்த வரையில், ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் வரை பிள்ளைகள் சமாளிக்கிறார்கள். ஒரு மணியைத் தாண்டினால் முதலில் காலை வகுப்பு விட்டுப்போகிறது, அப்புறம் நூலகம், அப்புறம் நண்பர்கள். மிச்சமான வாடகையைவிட அந்த இழப்பு பெரியது.

மெட்ரோ படத்தை வைத்து அருகில், தூரத்தில் என்று முடிவு செய்ய வேண்டாம் என்றும் சொல். மின்சாரப் படங்கள் வரையும் வேலையில் இருந்த ஹாரி பெக் 1931-ல் வரைந்து, 1933-ல் லண்டனில் அச்சான படத்தின் வழியில்தான் இன்று பல ஊர்களிலும் மெட்ரோ படம் போடுகிறார்கள். கோடுகள் நேராகவும் சாய்வாகவும் மட்டும் ஓடும். நிலையங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் இருப்பதுபோல் தெரியும். எங்கே வண்டி மாறுவது என்று தெரிந்துகொள்ள அதைப்போலத் தெளிவான படம் கிடையாது. தூரம் மட்டும் அதில் இல்லை. லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்ற அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் 300 மீட்டர்கூடத் தள்ளி இல்லை. படத்தைப் பார்த்தால் தெரியாது. விளம்பரத்தில் வருகிற 'நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை'யையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில்தான் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதிலும் சிக்னலில் நிற்கிற நேரம், மேடு ஏறுகிற நேரம் சேராது. அப்படி ஒரு விதியும் இல்லாத ஊரில் நாமே நடந்து பார்த்துவிடுவதுதான் நல்லது.

இன்னொன்று, வண்டி மாறுவது. பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம் என்று நினைக்கிறோம். சொன்ன நேரத்துக்கு வந்தால் அந்தக் கணக்கு சரி. நெரிசலில் மாட்டி, ஒன்று ஐந்து நிமிட இடைவெளியிலும் அடுத்தது பதினைந்து நிமிட இடைவெளியிலும் வந்தால், பஸ் எண்ணிக்கை மாறாமலே காத்திருப்பு ஆறே கால் நிமிடமாகிவிடும். நாம் போய் நிற்பது நீண்ட இடைவெளியில் விழவே வாய்ப்பு அதிகம் என்பதுதான் காரணம். இரண்டு இடத்தில் மாறினால் அந்தத் தாமதம் இரண்டு மடங்கு. முதல் வண்டி தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் அன்றைய காலை வகுப்பு போனதுதான். அதனால் இருபது நிமிடத்தில் இரண்டு மாற்றத்தோடு போகிற வீட்டையும், முப்பது நிமிடத்தில் ஒரே வண்டியில் போகிற வீட்டையும் காட்டினால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். உட்கார இடம் கிடைத்தால் அந்த அரை மணியில் படிக்கவும் செய்யலாம்.

வீடு பார்க்கப் போகிற நாளில் வேலை நாள் காலை நெரிசல் நேரத்தில் ஒரு தடவை அந்த வழியில் போகட்டும், இரவு பத்து மணிக்கு ஒரு தடவை திரும்பி வரட்டும். இரவில் தனியாக வேண்டாம், தோழி யாரையாவது கூட்டிக்கொள்ளச் சொல். பகலில் ஆள் நடமாட்டமாக இருக்கிற தெரு இரவில் எப்படி இருக்கிறது, விளக்கு எரிகிறதா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் இரவுப் பஸ் உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். விடுமுறை நாள் அட்டவணை வேறாக இருக்கும். தடத்தில் பராமரிப்பு வேலையையும் பெரும்பாலும் அன்றுதான் வைப்பார்கள்.

சரி, அறைக்கு வருவோம். உள்ளே போனதும் படத்தில் பார்த்ததையே திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு, அப்படியே போய் சமையலறைக் குழாயையும் திறக்கச் சொல். ஷவரில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டால், நாலு பேர் கிளம்புகிற காலையில் என்ன நடக்கும் என்று புரிந்துவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பின்னால் முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரக்கசிவும் பூஞ்சையும் ஒளிந்திருப்பது அங்கேதான். சுவரில் ஒரு மூலையில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், எதற்கு என்று கேட்கத் தயங்கவே கூடாது. ஜன்னல் முழுதாகத் திறக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, போன் சிக்னல் அறைக்குள் வருகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். குளியலறையில் கேஸில் எரிகிற வெந்நீர்க் கருவி இருந்து, காற்றுப் போக வழி இல்லையென்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயக்கம் வருவதற்குள் எழுந்து வெளியே வர முடியாமல் போய்விடும். இதை எழுதும்போதே எனக்குப் பதறுகிறது, நீ அவளிடம் கண்டிப்பாகச் சொல்.

பணத்தைப் பற்றி. அறைக்குள் நின்று பார்க்காமல், வாடகைக்கு விடுகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல், முன்பணம் ஒரு பைசாகூடக் கொடுக்கக் கூடாது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்பினால்தான் உங்களுக்கு' என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அறையின் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்தால், அதே படம் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பது பல நேரம் வெளிப்பட்டுவிடும். சுற்றுவட்டார வாடகையைவிட மிகவும் குறைவாக இருந்தால் அதுவே எச்சரிக்கை.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 2019-லிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. வாங்கியதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் கொண்டுவந்துவிட வேண்டும். ஜெர்மனியில் உச்சவரம்பு மூன்று மாத வாடகை, அதை மூன்று தவணையாகவும் கட்டலாம். நியூயார்க் மாநிலத்தில் 2019 முதல் ஒரு மாதம்தான். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். அவள் படிக்கிற ஊரின் விதி என்ன என்று பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்திலேயே கேட்கலாம். ஒப்பந்தத்தை இலவசமாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறவர்களும் பல இடங்களில் இருக்கிறார்கள்.

சேர்ந்து தங்குவது பற்றி அவள் ஆசையாக எழுதியிருந்தாள். நல்லதுதான், தனியாக இருப்பதைவிட எனக்கும் அதுதான் நிம்மதி. ஆனால் நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால், ஒருத்தி பாதியில் கிளம்பிவிட்டால் அவள் பங்கு வாடகையையும் மற்றவர்களிடம் கேட்க வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் உரிமை உண்டு. ஆளுக்கொரு ஒப்பந்தம் கிடைத்தால் அதுதான் பத்திரம். கிடைக்காவிட்டால், நடுவில் யாராவது போனால் பதில் ஆள் பிடிப்பது யார் பொறுப்பு என்று நாலு பேரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். சிநேகிதிகளுக்குள் எதற்கு எழுத்து என்று தயங்குவார்கள். சிநேகம் கெடாமல் இருக்கத்தான் கேட்கிறேன்.

சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் கீறலையும் மீட்டர் எண்களையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். காலி செய்கிற நாளில் வருகிற சண்டை பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

ஊருக்குள் போய்வரக் கற்றுக்கொள்வதற்கு அவசரமில்லாத ஒரு விடுமுறை நாளே போதும். தன் வீட்டு வழியாகப் போகிற தடத்தில் கடைசி நிலையம் வரை ஒரு தடவை போய்வரட்டும். எந்த வாசலில் வெளியேறினால் கேம்பஸ் பக்கம் என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும். மாதப் பாஸ் உடனே வாங்க வேண்டாம். முதல் சில வாரம் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கட்டிப் பார்த்து, வகுப்பு எத்தனை நாள், எத்தனை தடவை போகிறோம் என்று தெரிந்த பிறகு கணக்குப் போடட்டும். மாணவர் சலுகை அட்டைக்கு மட்டும் முதல் நாளே விண்ணப்பித்துவிட வேண்டும், வந்து சேர நாளாகும்.

என் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறாள். உன்னைக் கேட்டாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதற்குள் மாணவர்களுக்கு ஒப்பந்தம் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வேலையில் இடமாற்றம் கேட்டிருந்தாயே, என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மகளிடம் என் போன் எண்ணைக் கொடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல், அன்றைக்கே படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி