எச்-1பிக்கு அழுகை, பீகார்காரனுக்கு திட்டா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல ஒரே நாள்ல ரெண்டு மேட்டர் படிச்சேன். முன்பக்கத்துல, அமெரிக்கா போய் வேலை பாக்குற எச்-1பி விசாவுக்கு டிரம்ப் 1 லட்சம் டாலர் ஃபீஸ் போட்டது அநியாயம்னு பெரிய கட்டுரை. அநியாயம்தான், எங்க அக்கா பேரன் டல்லாஸ்ல இருக்கான், வீட்டுல எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைக்குது. உள்பக்கம் வாசகர் கடிதத்துல ஒருத்தர், பையாக்கள் (பீகார், உபிகாரங்களைத்தான் இங்க அப்படிச் சொல்றாங்க) வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டாங்க, எல்லாரையும் ரயிலேத்தி அனுப்பணும்னு எழுதியிருக்கார். அங்க டிரம்ப் ஆளுங்க நம்ம பசங்களைப் பத்தி பேசுறதும் இதேதான் சார்.

இந்தப் பேச்சு மும்பைக்குப் புதுசும் இல்ல. 1966ல சிவசேனா ஆரம்பிச்ச சமயம் பால் தாக்கரேவோட 'மார்மிக்' பத்திரிகைல எந்த ஆபீஸ்ல எத்தனை மதராசின்னு பேர் பேரா லிஸ்ட் போட்டாங்க. எங்க அப்பா ஃபோர்ட்ல டைப்பிஸ்ட், ட்ரெயின்ல தமிழ்ப் பேப்பரை வெளிய எடுக்கவே மாட்டார், டிபன் பைக்குள்ள நாலா மடிச்சு வச்சு வீட்டுக்கு வந்துதான் பிரிப்பார், எண்ணெய்க் கறையோட.

மராத்தி பையனுக்கு வந்த கோபம் பொய்னு சொல்லமாட்டேன், உயிரைக் குடுத்துப் போராடி 1960ல மாநிலம் வாங்கிட்டு வேலைக்குப் போனா அங்க ஷார்ட்ஹேண்ட் தெரிஞ்ச நம்மாளு உக்காந்திருந்தா எரியத்தானே செய்யும். ஆனா அந்தக் கோபத்துல உடைஞ்சது உடுப்பி ஹோட்டல் கண்ணாடி, பஞ்சாலை மில் முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்ல. பரேல்ல கம்யூனிஸ்ட் எம்எல்ஏ கிருஷ்ணா தேசாயை 1970ல கொன்னாங்க, இடைத்தேர்தல்ல சேனா ஜெயிச்சு முதல் எம்எல்ஏவை அனுப்பிடுச்சு. அப்புறம் 1982 ஜனவரில யூனியன் தலைவர் தத்தா சாமந்த் தலைமைல கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் மில் தொழிலாளிங்க ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க, பெரும்பாலும் கொங்கண், சதாரா பக்கத்து மராத்திக்காரங்க, கூடவே உபிக்காரங்க, தெலுங்குக்காரங்க. ஸ்ட்ரைக் தோத்துச்சு, மில்லுங்க ஒவ்வொண்ணா மூடிச்சு, இப்ப லோயர் பரேல்ல அந்த இடமெல்லாம் மாலும் டவரும். அத்தனை பேர் சோத்துல மண்ணைப் போட்டது மதராசியா?

இப்ப நாக்காவுக்கு வாங்க, தினக்கூலிக்கு ஆள் எடுக்குற தெருமுனைதான். காலைல பெயின்டர், மேஸ்திரி எல்லாம் பிரஷ்ஷும் கரண்டியும் வச்சுக்கிட்டு நிப்பாங்க. நம்மாளு கேக்குற கூலியை விட நூறு ரூபா கம்மியா பீகார் பையன் வருவான்னு அவனை டெம்போல ஏத்திக்கிட்டு போறது பல நேரம் நம்ம தமிழ் கான்ட்ராக்டர்தான், சாயங்காலம் சங்கத்துல உக்காந்து வெளியாளு வந்துட்டான்னு பொலம்புறதும் அதே ஆளுதான் (பேர் சொன்னா வம்பு). கம்மிக்கு வர்றவனுக்கு மட்டும் என்ன ஆசையா, ஊர்ல அதுவும் கிடைக்காமதானே வர்றான், நம்ம தாத்தாங்க திருநெல்வேலில இருந்து தோல் ஷாப்புக்கு வந்த மாதிரியே.

மும்பை டவுன் பஸ்ஸான பெஸ்ட்லயும் இதே கதைதான். வெட் லீஸ்னு பஸ்ஸையும் டிரைவரையும் பிரைவேட் கம்பெனிகிட்டயே விட்டாச்சு, சம்பளம் பத்தாம அந்த டிரைவருங்க 2023 ஆகஸ்ட்ல ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஸ்டியரிங் பிடிச்சவன் எந்த ஜாதி எந்த ஊருன்னு பாத்தா சம்பளம் போட்டாங்க?

தாராவிக் குடிசைங்களை இடிச்சுப் புதுசா கட்டுற திட்டத்துக்கான சர்வேல, 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்த கீழ்த்தள வீட்டுக்காரங்களுக்குத்தான் தாராவிக்குள்ளயே இலவசமா 350 சதுர அடி. மேல்மாடில இருக்குறவன் வெளிய போகணும், அவன் திருநெல்வேலியா பீகார் தர்பங்காவான்னு யாரும் கேக்கப்போறதில்ல. அந்த ரெண்டு பேரும் ஒரே மனுல கையெழுத்துப் போட்டு கொண்டுபோய் நின்னாவாவது ஆபீசர் நிமிர்ந்து பாப்பான்.

பையாக்களைத் திட்டி மறுபடி கடிதம் வந்தா போடுங்க சார், வேண்டாம்னு சொல்லல. பக்கத்துலயே நாக்கால இப்ப கூலி என்ன ரேட், நடுவுல கமிஷன் யாருக்குப் போகுதுன்னு விசாரிச்சு அதையும் போடுங்க. ரிப்போர்ட்டர் தம்பியை எட்டு மணிக்குள்ள வரச் சொல்லுங்க, ஒன்பதுக்கு மேல வேலை கிடைக்காதவங்க மட்டும்தான் நிப்பாங்க, அவங்களையும் கேக்கலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்
சயான் கோலிவாடா, மும்பை