சேர்ந்து முடிவெடுக்கப் பழகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நோயாளியோடு கலந்து முடிவெடு என்கிறார்கள், எப்படி என்று காட்டித்தர ஆளில்லை என்று எழுதியிருந்தாய். கனிவான மனசு இருந்தால் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரத்தக்குழாயில் ஊசி ஏற்றுவதைப் போல இதுவும் பழகித்தான் வரும்.

மருத்துவ ஆய்வாளர் கிளின் எல்வின் குழுவினர் 2012-ல் இந்த உரையாடலை மூன்றாகப் பிரித்தார்கள், 2017-ல் திருத்தினார்கள். முதலில் நாம் சேர்ந்து யோசிப்போம் என்று சொல்வது, அடுத்து வழிகளை ஒப்பிடுவது, பிறகு முடிவுக்கு வருவது. பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். எடுத்த எடுப்பில் "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டால், டாக்டருக்கே தெரியவில்லை போல என்று நோயாளி பயந்துபோவார். "இதுக்கு ஒண்ணுக்கு மேல வழி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நல்லதும் கெட்டதும் வேற வேற. உங்களுக்கு எது முக்கியம்னு தெரிஞ்சாதான் என்னால சரியா சொல்ல முடியும்" என்று தொடங்கு.

வழிகளைச் சொல்லும்போது, இப்போதைக்குப் பொறுத்துப் பார்ப்பதையும் ஒரு வழியாகச் சேர். பரவாத புராஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கொள். அதற்கான சிகிச்சை வழிகளை ஒப்பிட்ட புரோடெக்ட் என்ற ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வந்தன. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு, எதில் இருந்தாலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 3 பேர்தான். ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 100-க்கு 9 பேருக்கு, மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. அறுவை சிகிச்சையில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் கூடுதல், கதிர்வீச்சில் குடல் தொந்தரவு. இவற்றில் எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று எந்தப் பாடப்புத்தகமும் உனக்குச் சொல்லாது. அவரைத்தான் கேட்கவேண்டும்.

எண்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "இந்த மாத்திரை ஆபத்தைப் பாதியாக்கும்" என்றால் 100-க்கு 40 பேர் 20 ஆவதாகவும் இருக்கலாம், 4 பேர் 2 ஆவதாகவும் இருக்கலாம். ஆகவே மாத்திரை எடுத்தால் எத்தனை பேர், எடுக்காவிட்டால் எத்தனை பேர் என்று இரண்டையும் சொல். 200-க்கு 3, 1,000-க்கு 5 என்று கலந்து சொன்னால் சின்ன எண்தான் சின்ன ஆபத்து என்று தோன்றும், கணக்கோ நேர்மாறு. எல்லாவற்றையும் 100-க்கோ 1,000-க்கோ கொண்டுவா, காலக்கெடுவையும் சொல். 100-ல் 90 பேர் பிழைப்பார்கள் என்று சொன்னால், 10 பேர் இறப்பார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல். நுரையீரல் புற்றுநோய் சிகிச்சை பற்றிய 1982 ஆய்வில், இப்படிச் சொல்லும் விதம் மாறியதற்கே மருத்துவர்களின் தேர்வும் மாறியது.

பிறகு நிறுத்து. அந்த மௌனத்தைப் பொறுக்கமுடியாமல் நீயே மேலும் விளக்கத் தொடங்காதே. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேள். மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர்களைக் கேட்டுவிட்டு மறுபடி நோயாளியிடமே திரும்பு.

"நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். அப்போது நழுவாதே, அதுவும் கைவிடுவதுதான். "நடமாட்டம்தான் முக்கியம்னு சொன்னீங்க, அதனால இதைச் சொல்றேன்" என்று அவர் சொன்னதோடு சேர்த்துப் பரிந்துரை செய். ஒரே ஒரு நல்ல வழிதான் இருக்கிறதென்றால், தேர்வு இருப்பதுபோல் காட்டாதே. உயிர் போகும் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை.

இதை வேடிக்கை பார்த்து மட்டும் கற்க முடியாது. நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரோடு பேசிப் பார். அனுமதி வாங்கி ஓர் உரையாடலை ஒலிப்பதிவு செய்து, மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து கேள். நோயாளியை முடிவில் எவ்வளவு சேர்த்துக்கொண்டாய் என்று அளக்க ஆப்ஷன்-5 என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிந்த இடம் எது என்று தேடிப் பார். அங்கே மதிப்பெண் குறையலாம்.

கேஸ் ஷீட்டில் "ஒப்புதல் பெறப்பட்டது" என்பதோடு நிறுத்தாதே. என்னென்ன வழிகள் பேசப்பட்டன, அவர் எதை முக்கியம் என்றார் என்று இரண்டு வரி எழுது. இரவு டூட்டிக்கு வருபவர் அதைப் படித்துத்தான் பேச்சைத் தொடரமுடியும்.

அன்புடன்,
அம்மா