பாலைப்பழம் பழுக்கும்போது

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தது. தொலைபேசியில் சொன்னால் ஏசுவேன் என்று பயந்துதான் எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் பயந்திருக்கிறாய். சின்ன மாமாவைப் போல மனவளர்ச்சி குறைந்தவர்களோடு காம்ப்ஹில் வீட்டில் சேர்ந்து வாழ்ந்து உதவ ஒரு வருடம், சம்பளம் இல்லை, சாப்பாடும் அறையும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் என்று படித்ததும், வயலை ஈடு வைத்துப் படிக்க அனுப்பியது பிறர் கோப்பையைக் கழுவவா என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் மாட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அது.

இரவு மறுபடி எடுத்துப் படித்தேன். ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த டாக்டர் கார்ல் கோனிக்கும் கூட்டாளிகளும் 1940இல் ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பக்கம் காம்ப்ஹில்லைத் தொடங்கிய கதை. குடிபுகும் நேரத்தில் எதிரி நாட்டவர் என்று ஆண்களைப் பிடித்து முகாமில் அடைத்துவிட, பெண்களே சாமான் கட்டிப் போய் வீட்டைத் திறந்தார்களாம். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 2009இல், அப்பா எங்கே என்று தெரியாத அந்த மாதங்களில், செட்டிகுளம் முகாமின் தண்ணீர் வரிசையில் சின்ன மாமா தொலைந்துபோனார். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள்தான் அவரைக் கையில் பிடித்து, கூடாரம் கூடாரமாகக் கேட்டு என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

அதற்காக, மாமாவை ஊரே வளர்த்தது என்று அங்கே பெருமை பேசாதே. ஊர் கச்சானும் தேநீரும் கொடுத்தது. குளிப்பாட்டியதும் வலிப்பு வந்தால் தலையைத் தாங்கியதும் அம்மம்மா, அவருக்குப் பின் நான். அங்கே கிழமையில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பொறாமை வந்தது அந்த வரியில்தான்.

இனி நான் சொல்ல வந்தது. நீ புறப்பட்ட அன்று, "பாலைப்பழம் பழுக்கும்போது வந்துவிடுவேன்" என்று மாமாவிடம் சொன்னாய். அவர் அழக்கூடாது என்று சொன்னது, தெரியும். அவருக்கு வருடக் கணக்குத் தெரியாது, பழம் தெரியும். நாலு பருவம் போய்விட்டது. பழம் சந்தைக்கு வந்தால் வாங்கச் சொல்லி அடம்பிடித்து, சிரட்டையில் போட்டுக்கொண்டு படலையடியில் உட்கார்ந்துவிடுவார். தான் ஒன்றுகூடத் தின்னமாட்டார். இருட்டியதும் சிரட்டையை உன் அறை வாசலில் வைப்பார். காலையில் எறும்பு மொய்த்திருக்கும், அவர் எழும்புமுன் கொட்டிவிடுவேன்.

உன்னோடு அந்த வீட்டில் இருப்பவர்களிடம், இப்படி ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் போன பிறகும் மேசையில் அவர்களுக்குத் தட்டு வைப்பவர் ஒருவராவது இருப்பார், பார். நீ அங்கிருந்து புறப்படும் நாளை அவர்களிடம் இப்போதே சொல். கலண்டரில் குறித்து, ஒவ்வொரு நாளையும் அவர்கள் கையாலேயே வெட்டச் சொல். திரும்பி வருவேன் என்று மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடாதே.

வைகாசி பிறந்துவிட்டது. காட்டுக்குப் போனவர்கள் பாலை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடு. இந்த முறையும் வரமாட்டாய் என்பதை நீயே மாமாவிடம் சொல். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

அம்மா