எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டாயே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். எடுத்த படத்தைத் திருத்த எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று போனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் வாங்கிவிட்டாய், லீவு கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய் என்று கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆபீசில் ஆளுக்கொரு சாஃப்ட்வேர் சொல்கிறார்கள், எதற்கு மாதாமாதம் பணம் கட்டுவது என்று புரியவில்லை என்றாய். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதற்கும் கட்ட வேண்டாம்.

உன் கேமராவுக்கென்று நிக்கான் கம்பெனியே என்எக்ஸ் ஸ்டூடியோ என்ற ஒன்றை இலவசமாகத் தருகிறது. 2021-இல் வந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். அவர்களுடைய வெப்சைட்டிலிருந்தே இறக்கிக்கொள். லேப்டாப்பில் அது, செல்போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப். தொடங்குவதற்கு இந்த இரண்டும் தாராளமாகப் போதும். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீ வேறு கேமராவுக்கு மாறினாலும், அப்பாவைக் கேட்காமல் நீயே பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

நீ அனுப்பிய மைசூர் தேவராஜ மார்க்கெட் படத்தையே வைத்துப் பேசுவோம். பூக்கார அம்மா மல்லிகைச் சரத்தை முழம் போடுகிறார். நல்ல படம். கை நீண்டு நிற்கிற அந்த நொடியைப் பிடித்திருக்கிறாய், அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் படம் லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே கட்டியிருக்கிற நீலத் தார்ப்பாய் வழியாக வெளிச்சம் இறங்குவதால் மல்லிகையும் அவருடைய நரைமுடியும் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. பின்னால் வெயிலடிக்கிற நடைபாதை வெளுத்துப்போயிருக்கிறது, அவர் முகமோ இருட்டில் இருக்கிறது.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய என்ன வேண்டுமோ அதுதான் உனக்கு வேண்டிய சாஃப்ட்வேர். அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள் போவதே தெரியாது, எதைப் பார்த்தாலும் வேண்டும் போலத் தோன்றும்.

சாய்வை நிமிர்த்துவதும் ஓரம் வெட்டுவதும் எதிலும் முடியும், அதை விடு. நீலத்தை எடுப்பதுதான் முதல் வேலை. ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறச்சாயலைச் சரிசெய்கிற பகுதியில், படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுகிற வசதி இருக்கும். நிறம் எதுவும் இல்லாத சாம்பல் பரப்பைத் தொட வேண்டும். உன் படத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற சிமென்ட் திண்டு சரியான இடம். அதைத் தொட்டதும் மல்லிகை வெள்ளையாகிவிடும். ஆனால் அதே நொடியில் பின்னால் இருக்கிற நடைபாதை மஞ்சளடித்துப்போகும். பதறாதே. தார்ப்பாய்க்குக் கீழே விழுவது ஒரு வெளிச்சம், வெளியே விழுவது வேறு வெளிச்சம். படம் முழுவதற்கும் ஒரே மாற்றம் செய்தால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடத்தான் செய்யும்.

அதனால், ஒரு இடத்தை மட்டும் தனியாகத் தொட முடிகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான். என்எக்ஸ் ஸ்டூடியோவில் கலர் கன்ட்ரோல் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று வட்டத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கலாம். அந்த வட்டத்துக்குள் அதே நிறச்சாயல் உள்ள பகுதியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்று. நடைபாதையில் இன்னொரு புள்ளி வைத்து மஞ்சளைக் குறை. முடிந்தது. இந்த முறையைக் கொண்டுவந்தது நிக் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி. ஸ்னாப்சீடும் அவர்கள் 2011-இல் செய்ததுதான், மறு வருடம் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. ஸ்னாப்சீடில் செலக்டிவ் என்று இருப்பதும் கிட்டத்தட்ட இதே வேலை. ஒன்றில் கை பழகினால் இன்னொன்று தானாக வந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

டார்க் ரூமில் சிவப்பு விளக்குக்குக் கீழே நின்று அப்பா, நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிக் காட்டுகிற என்லார்ஜரின் வெளிச்சத்தைக் கையால் மறைத்து மறைத்து எடுப்பதை நீ பார்த்திருக்கிறாய். மறைத்த இடம் வெளுக்கும், கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டிய இடம் கறுக்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போட்ட 'இந்து' பிராண்ட் போட்டோ பேப்பரில் அப்படி எடுத்த படங்கள் இன்னும் நம் வீட்டு டிரங்க் பெட்டியில் இருக்கின்றன. நீ மவுசால் செய்யப்போவதும் அந்த வேலைதான். உனக்குக் கூடுதல் வசதி, பிடிக்கவில்லை என்றால் பேப்பர் வீணாகாமல் திரும்பப் போகலாம்.

அந்தத் 'திரும்பப் போவது' இருக்கிறதே, அதில் கவனமாக இரு. கேமராவில் ஜேபெக் மட்டும் எடுக்கிறாயா, கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலும் எடுக்கிறாயா? நிக்கானில் ரா ஃபைலின் பெயர் என்இஎஃப் என்று முடியும். இனி ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து வரும்படி செட்டிங்கை மாற்றிக்கொள். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். ராவில் 12 பிட் என்றால் 4,096, 14 பிட் என்றால் 16,384. இருட்டில் கிடக்கிற முகத்தை ஜேபெக்கில் தூக்கினால் கன்னத்தில் திட்டுத் திட்டாக வரும். ராவில் தூக்கினால் தோலின் சுருக்கம் கூடத் தெளிவாக எழுந்து வரும். ஆனால் சுத்தமாக வெளுத்துப்போன இடத்தில் ராவிலும் ஒன்றும் கிடைக்காது. அதனால் வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதிகிற வெளிச்சத்தை, சற்றுக் குறைத்து எடு.

ரா ஃபைலை நெகட்டிவ் மாதிரி நினைத்துக்கொள். நெகட்டிவை யாரும் கத்தரிக்க மாட்டார்கள். நல்ல சாஃப்ட்வேர் ஒரிஜினலைத் தொடாது. நீ செய்த மாற்றங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். என்எக்ஸ் ஸ்டூடியோ அவற்றைப் படம் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே, என்கேஎஸ்சி என்று தொடங்கும் பெயரில் ஒரு குட்டி ஃபோல்டரில் வைக்கும். படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது அந்த ஃபோல்டரையும் சேர்த்து மாற்று. அதை விட்டுவிட்டால் ஒரிஜினல் இருக்கும், நீ செய்த வேலை இருக்காது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. சாஃப்ட்வேர்களுக்கும் ஆயுள் உண்டு. பிகாசா ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு பேர் அதில்தான் கல்யாணப் படம், குழந்தை படமெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள்! 2016-இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. அதில் செய்த திருத்தங்களைத் தனிப் படமாக எடுத்து வைக்காதவர்களுக்கு, திருத்தாத ஒரிஜினல்தான் மிச்சம். அதனால் ஒரு படம் முடிந்தது என்று மனசுக்குத் தோன்றியதும், முழு அளவில், நல்ல குவாலிட்டியில் ஒரு ஜேபெக் எக்ஸ்போர்ட் செய்து தனி ஃபோல்டரில் போடு. எந்தக் கம்பெனி இருந்தாலும் போனாலும் அந்த ஜேபெக் திறக்கும்.

சரி, மற்றவர்கள் சொன்ன பெயர்களுக்கு வருகிறேன். லைட்ரூம் நல்ல சாஃப்ட்வேர், குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து வருகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் இப்போது சந்தாவில்தான் கிடைக்கிறது. கட்டுவதை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் திருத்துகிற டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். பொழுதுபோக்காக எடுக்கிற நீ, எடுக்காத மாதத்துக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். போட்டோஷாப் 1990-இல் இருந்து இருக்கிறது, அப்பாவே ஸ்டூடியோவில் அதில்தான் ஆல்பம் செய்தேன். அது பல படங்களை ஒட்டிச் சேர்த்து ஒன்றாக்குகிற வேலைக்கு. உன் பூக்கார அம்மா படத்துக்கு அது வேண்டாம்.

எப்போதாவது குறுக்கே போகிற கரண்ட் கம்பியை எடுக்க வேண்டும், எழுத்து சேர்க்க வேண்டும் என்றால் கிம்ப் போட்டுக்கொள். இலவசம். 1990-களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் தொடங்கியது, இன்றுவரை உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். முதலில் திறக்கும்போது மிரட்டும். ஒரே ஒரு கருவியை, ஒரு இடத்தை நகலெடுத்து இன்னொரு இடத்தை மறைக்கிற குளோன் டூலை மட்டும் கற்றுக்கொண்டு மூடிவிடு, அடுத்ததை அடுத்த தேவை வரும்போது பார். கிம்ப் ராவை நேராகத் திறக்காது, அதனால் என்எக்ஸ் ஸ்டூடியோவில் முடித்து டிஃப் என்ற தரம் குறையாத பட ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அங்கே கொண்டு போ. டார்க்டேபிள் என்று இன்னொரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லா கம்பெனி ராவையும் திறக்கும், சக்தி ஜாஸ்தி. ஆனால் முதல் வருடம் அதைத் தொடாதே. அதில் ஒரே வேலையைச் செய்ய நாலைந்து வழி இருக்கும், எது நல்லது என்று குழம்புவதிலேயே படம் எடுக்கிற ஆசை போய்விடும். பிற்பாடு கேமரா கம்பெனி மாறினால் அப்போது பார்க்கலாம், என்எக்ஸ் ஸ்டூடியோ வேறு கம்பெனி ராவைத் திறக்காது.

யாராவது பென் டிரைவில் கிராக் செய்த சாஃப்ட்வேர் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதே. இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும்போது, ஆபீஸ் வேலையும் பேங்க் கணக்கும் இருக்கிற லேப்டாப்பில் எதற்கு அந்த வம்பு?

அப்புறம், எந்த சாஃப்ட்வேரும் சொல்லாத ஒன்று. திருத்த உட்காரும்போது லேப்டாப் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறை. முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் திரையில் பளிச்சென்று தெரியும், பிரிண்ட் போட்டால் கறுத்து வரும். லேபுக்கு வருகிற புதுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இதேதான் நடக்கும், அவர்கள் மெஷினைத் திட்டுவார்கள். ராத்திரியில் திரையை மஞ்சளாக்குகிற நைட் லைட்டையும் அணைத்துவிடு, இல்லையென்றால் நீ நீலமாகத் திருத்திவைப்பாய். ஒரு படத்தை முடித்ததும் மூடி வை, மறுநாள் காலையில் பார். ராத்திரி கூட்டிய கலரில் பாதியைக் காலையில் நீயே குறைப்பாய்.

முகத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த அம்மாவின் முகத்தை இருட்டிலிருந்து மேலே கொண்டுவா, ஆனால் வெளுப்பாக்காதே. வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய கறுப்பு அது, நெற்றியில் அழகாக மினுங்குகிறது. 'அண்ணே, கொஞ்சம் கலராப் போட்டுக் கொடுங்க' என்று கேட்காத ஆளே ஸ்டூடியோவுக்கு வந்ததில்லை. அப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும். இப்போது செல்போன் கேமராவே கேட்காமல் அதைச் செய்கிறது. நீ செய்யாதே. சுருக்கத்தை வழவழப்பாக்குகிற பட்டன் எதிலாவது இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். எவ்வளவு வெளிச்சம் ஏற்றலாம் என்று சந்தேகம் வந்தால், அவர் கையையும் முகத்தையும் சேர்த்துப் பார். இரண்டும் ஒரே ஆளுடையதாகத் தெரிய வேண்டும்.

இந்த வாரம் புதுப் படம் எதையும் திருத்தாதே. இந்த ஒன்றை மட்டும் செய். நிமிர்த்து, நீலத்தை எடு, முகத்தில் ஒரு புள்ளி, நடைபாதையில் ஒரு புள்ளி, கடைசியில் துளி ஷார்ப்னஸ். முடித்து எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதைச் சுருக்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்பு. 24 மெகாபிக்சல் கேமரா என்றாய், 12×18 இன்ச் பிரிண்டுக்கு 3600×5400 பிக்சல் இருந்தால் அருமையாக வரும், உன்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. இங்கே நம் லேபில் இரண்டு பிரிண்ட் போட்டு கூரியரில் அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்றை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடு. சட்டம் போட்டுத் தரட்டுமா, வெறும் பிரிண்ட் போதுமா என்று அவரிடமே கேட்டுச் சொல்.

அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அதே கூரியரில் வரும்.

அன்புடன்,
அப்பா