வெட்டுவதற்கு முன் தை

பாண்டிருப்பு,
கல்முனை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். திரௌபதி அம்மன் கோவில் தீமிதிப்பு முடிந்து ஊர் அடங்கிவிட்டது. மாரி இன்னும் இறங்கவில்லை. புழுக்கம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பள்ளிச் சீருடைத் துணிகள் வரத் தொடங்கும்வரை கடையில் பெரிய வேலை இல்லை. ஆகவே போனில் அவசரமாகச் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

பேரனுக்காகத் துண்டுத் துணிகளைச் சேர்த்து நீ தைக்கும் போர்வையின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறங்களை நன்றாகச் சேர்த்திருக்கிறாய். அந்தக் கண் அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் முக்கோணங்களின் மூக்குகள் பாதிக்கு மேல் தையலுக்குள் போய்விட்டன. கீழ் வரிசை மேல் வரிசையைவிட நீளமாக இருக்கிறது. பேரனுடைய கட்டிலுக்கு அது போதும்தான், அவன் அளவு நாடாவோடு படுக்கப் போவதில்லை. என்றாலும் நீ கேட்டுவிட்டாய். நான் தையற்காரன், கண்டதைச் சொல்லாமல் விட முடியாது.

வகுப்பில் காட்டிய குறுக்குவழிகள் வேண்டாம், அப்பாவைப்போல ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பொறுமையாகத் தைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். இந்த வழக்கில் என்னைச் சாட்சிக்கு இழுக்காதே. கல்முனைக் கடைத்தெருவில் தைத்துப் பிழைத்தவன் நான். இரண்டு தையலில் முடியும் வேலைக்கு மூன்றாவது தையல் போட்டுப் பழக்கமில்லை. உன் வகுப்பு ஆசிரியை சொல்வதுதான் சரி. உன் முறை மெதுவானது என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும், பிழையே அதில்தான் அதிகமாக வரும்.

காரணம் துணியின் குணம். நெடுக்கு நூல் அசைந்து கொடுக்காது. குறுக்கு நூல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் பிடித்து இழுத்தால் நீண்டுகொண்டே வரும். ரவிக்கைக் கழுத்துக்கு நான் கிராஸ் பட்டி வெட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாயே, அந்த வளைந்து கொடுக்கும் குணத்துக்காகத்தான் அப்படி வெட்டுகிறோம். நீ சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணமாக்கியவுடன் அதன் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸ் ஆகிவிடுகிறது. அதை எடுத்து, அடுக்கி, குண்டூசி குத்தி, மெஷின் பல்லின் மேல் தள்ளும்போது ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நீளும். பொறுமையான கை கூடுதலாகத் தொடும். தொடத் தொடத் துணி கெட்டுப்போகும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் தைத்துவிடு. இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரமாகும் முக்கோணச் சதுரம் தைத்து முடிந்ததும் 3 அங்குலம் வரவேண்டுமானால், வெளிர் நிறத்தில் ஒன்றும் கடும் நிறத்தில் ஒன்றுமாக 3⅞ அங்குலச் சதுரங்கள் இரண்டு எடு. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேலே மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு போடு. கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி இருபுறமும் தைத்துக்கொண்டு போ. கத்தியை அதன் பிறகு கையில் எடுத்துக் கோட்டின் மேல் வெட்டு. விரித்தால் இரண்டு முக்கோணச் சதுரங்கள் கிடைக்கும். கிராஸ் விளிம்பு வெளிப்படும்போதே தையல் அதைப் பிடித்துவிட்டது, நீ இழுத்து நீட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்த ⅞ கணக்கு தலையிடியாக இருந்தால் 4 அங்குலமாகவே வெட்டித் தைத்து, அழுத்திய பிறகு 3½ அங்குலமாகச் சீவிவிடு, அந்த அரை அங்குலம் சுற்றுத் தையலுக்குப் போகும். ஓரத்தில் துணி வீணாவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஆனாலும் புதிதாகப் பழகுகிறவளுக்கு நான் சொல்வது அதைத்தான்.

நிறைய வேண்டுமானால் 7¾ அங்குலத்தில் ஒரு சோடி சதுரம் எடுத்து இரண்டு மூலைக்கோடுகளும் போட்டு, ஒவ்வொன்றின் இருபுறமும் தை. பிறகு துணியை நகர்த்தாமல் நடுவே நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டு, அடுத்து இரண்டு மூலைக்கோடுகளிலும் வெட்டு. அதே 3 அங்குல அளவில் எட்டுத் துண்டுகள் வரும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பறக்கும் வாத்து என்று சொல்கிற அந்தக் கட்டம், நடுவில் ஒரு பெரிய முக்கோணமும் இரண்டு பக்கமும் சின்ன முக்கோணங்களுமாக இருப்பது. அதை மூன்று முக்கோணம் வெட்டி இரண்டு தையலில் சேர்த்திருக்கிறாய். மடித்தால் ஒரே தையல்தான், ஒரு முக்கோணமும் வெட்ட வேண்டியதில்லை. இதைக் கடையில் செய்து பார்த்துவிட்டு, கோட்டுப் பை தைக்கிற நமக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

தைத்து முடிந்த அளவு 2க்கு 4 அங்குலம் என்று வைத்துக்கொள். வாத்துக்கு, அதாவது நடு முக்கோணத்துக்கு, 2½க்கு 4½ அங்குலத்தில் ஒரு நீள்சதுரம். வானத்துக்கு, அதாவது பக்கத்து முக்கோணங்களுக்கு, 2½ அங்குலச் சதுரங்கள் இரண்டு. நீள்சதுரத்தை நல்ல பக்கம் வெளியே தெரிய, குறுகிய ஓரங்கள் இரண்டும் சேரும்படி பாதியாக மடி. ஒரு சதுரத்தை நல்ல பக்கம் மேலே பார்க்க மேசையில் வை. மடித்த துண்டில் மடிப்புக்கு எதிரே இருக்கும் வெட்டு ஓரங்களைச் சதுரத்தின் கீழ் ஓரத்தோடு ஒட்டி வை. அப்போது மடிப்பு மேல் ஓரத்துக்குக் கால் அங்குலம் கீழே நிற்கும். அந்தக் கால் அங்குலம் கணக்கோடு வந்தது, மேலே இழுத்துச் சரிப்படுத்தப் போகாதே. அதன் மேல் இரண்டாவது சதுரத்தை நல்ல பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து, வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை தை. அவ்வளவுதான். சதுரங்களை இரண்டு பக்கமும் விரித்து, நடுவில் நிற்கும் மடிப்பின் உள்ளே விரலை விட்டு அகலப் பிரித்துக் கீழே படிய வை. கூர் மேலே, அடி கீழே, வாத்து வந்து உட்கார்ந்திருக்கும். அதன் மூக்குக்கு மேலே விட்ட கால் அங்குலம் அடுத்த வரிசையோடு சேர்க்கும் தையலுக்குப் போகும். இதனால்தான் மூக்கு அறுபடாது.

இப்படி நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அப்படி இரண்டு நிரல் சேர்த்தால் 8 அங்குலக் கட்டம் ஒன்று. வாத்துகளுக்கு மட்டும் உன் முறையில் பதினாறு தையல், மடிப்பில் எட்டு. ஒரு போர்வைக்கு எத்தனை கட்டம் என்று பெருக்கிப் பார்த்தால் உனக்கு இரவு நித்திரை எவ்வளவு மிச்சமாகும் என்று தெரியும்.

இதில் ஒரு குறையும் உண்டு. வாத்தின் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் தைபடாமல் சின்னப் பைபோலத் திறந்து கிடக்கும். பேரன் விரலை விட்டுக் கிண்டுவான். அவன் கிண்டட்டும் என்றால் விட்டுவிடு, விளையாட்டுத்தானே. துவைத்துத் துவைத்துப் பிரண்டு நிற்குமே என்று பயந்தால், கடைசியில் மேல் துணியையும் பஞ்சையும் அடித் துணியையும் சேர்த்துத் தைக்கும்போது அந்த ஓரங்களின் மேலும் ஒரு ஓட்டு ஓட்டிவிடு. நடுத் தையலில் நான்கு மடிப்புத் துணி சேர்வதால் தடிப்பாக இருக்கும், அதை ஒரு பக்கமாக மடிக்காமல் இரண்டாகப் பிரித்து அழுத்து. அழுத்தும்போது அயனை இழுக்காதே. வை, எடு, அடுத்த இடத்தில் வை. சிரட்டைக்கரி போட்ட அயனில் பழகிய எங்களுக்கு அது இயல்பாக வரும், ஏனென்றால் அந்தப் பாரத்தை யாரும் சும்மா இழுத்துக்கொண்டு திரிய மாட்டார்கள். உன் நீராவி அயன் இலேசு என்பதால் கை ஓடிவிடுகிறது, ஓடினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இத்தனைக்கும் அடிப்படை அந்தக் கால் அங்குலம். நாங்கள் சட்டைக்கு அரை அங்குலத்துக்கு மேல் விட்டுத் தைப்பவர்கள், ஆள் பருத்தால் பிரித்து விடலாம் என்று. போர்வையில் அந்தத் தாராளம் நடக்காது. ஒரு தையலில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடப் பிடித்தால் இரண்டு துண்டிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வரிசையில் எட்டுத் தையல் இருந்தால் முழுதாக ஓர் அங்குலம் காணாமல் போகும். உன் வரிசைகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறுவதன் இரகசியம் இதுதான். மெஷினின் கால் அகலத்தை நம்பாதே. 1½ அங்குலப் பட்டி மூன்றை ஒன்றோடொன்று தைத்து, அழுத்தி, அளந்து பார். நடுப் பட்டி சரியாக 1 அங்குலமும் முழு அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசித்தட்டில் ஒட்டிய டேப்பை ஒரு மயிரிழை தள்ளி ஒட்டு. சரியாக வரும்வரை போர்வையில் கை வைக்காதே.

நாலு சதுரக் கட்டத்துக்கும் இதே புத்திதான். ஒவ்வொன்றாகச் சின்னச் சதுரம் வெட்டிக்கொண்டிராதே. 2½ அங்குல அகலத்தில் கடும் நிறப் பட்டி ஒன்றையும் வெளிர் பட்டி ஒன்றையும் நீளத்துக்குத் தைத்து, ஓரத்தைக் கடும் நிறப் பக்கம் சாய்த்து அழுத்து. பிறகு குறுக்கே 2½ அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்கி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர். மடிந்த ஓரங்கள் எதிரெதிராக நிற்பதால் நடுப் புள்ளி தானாகவே பூட்டிக்கொள்ளும். இதுவும் புதிய தந்திரம் இல்லை மகள். புளோரிடாவில் செமினோல் பழங்குடிப் பெண்கள் நூறு வருடத்துக்கு முன்பே கையால் சுற்றும் மெஷினில் பட்டிகளைத் தைத்து, குறுக்கே வெட்டி, மாற்றிச் சேர்த்து உடுத்தியிருக்கிறார்கள். சக்கரம்போல உருண்டு வெட்டும் உருளைக் கத்தி அதற்குப் பிறகு வந்தது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதைச் செய்தது 1979இல். அந்தக் கத்தியால் ஆறு ஏழு மடிப்பை ஒரே தடவையில் வெட்டுகிறாய் என்று படத்தில் தெரிந்தது. நாலுக்கு மேல் வேண்டாம். அடியில் இருப்பது நழுவும்.

தைக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் நூலை அறுக்காதே. ஒன்று முடியும்போது அடுத்ததை ஊசிக்கு முன்னால் நீட்டிக்கொண்டே போ. கார்மென்ட்ஸுக்குப் போய்வரும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால், கொலர் கொலராக அப்படித்தான் மாலைபோல இறக்குகிறார்கள் என்பார்கள். கடைசியில் உட்கார்ந்து நறுக்கிக்கொள்ளலாம்.

துணிக்கு வருகிறேன். மருதமுனைக் கைத்தறி வேண்டும் என்கிறாய். நல்ல ஆசை, பேரனுக்கு நம் பக்கத்துத் துணி. ஆனால் அங்கே சாரம் கட்ட நெய்யும் துணியின் நெசவு இளக்கமானது, வெட்டிய ஓரத்தில் நூல் உதிரும், கால் அங்குலத்தில் தையல் பிடிக்காமல் போகலாம். அதனால் முதலில் துவைத்துச் சாயமும் சுருக்கமும் போக்கி, சோற்றுக் கஞ்சியை மெல்லியதாக வடித்துப் போட்டு, விறைக்கக் காயவைத்து அழுத்தித்தான் அனுப்புவேன். கஞ்சி போட்ட துணி காகிதம்போல நிற்கும், மடிப்பும் கூர்மையாக விழும். நீ தையல் நீளத்தை 2 மில்லிமீற்றருக்குக் குறைத்துக்கொள். கோடு போட்ட துணியை வாத்துக்கு வைக்காதே, மடிப்பைப் பிரிக்கும்போது கோடு இரண்டு பக்கமும் இரண்டு திசையில் ஓடி உன்னைக் கேலி செய்யும். ஒற்றை நிறமும் சின்னப் பூப் போட்ட சீத்தைத்துணியும் போதும். வானத்துக்குப் பள்ளிச் சீருடையின் வெள்ளை வெட்டுத்துண்டுகளை மார்கழியில் சேர்த்துத் தருகிறேன். நடுவில் வைக்க இலவம் பஞ்சு கேட்டாய், அது தலையணைக்குத்தான் சரி. போர்வைக்குள் வைத்தால் ஒரு துவைப்பில் மூலைக்கு மூலை உருண்டு போகும். அங்கே கடையில் விரிப்பாக விற்கும் பருத்திப் பஞ்சையே வாங்கு.

கட்டிலின் நீள அகலத்தையும், பக்கத்தில் எவ்வளவு தொங்க வேண்டும் என்பதையும் எழுது. நீலமா பச்சையா என்றும் சொல்லிவிடு, அடுத்த கிழமை மருதமுனைக்குப் போகிறேன். பார்சலைச் சின்ன மாமியிடம் கொடுத்துவிடலாம், தை பிறந்ததும் அவள் அங்கே வருகிறாள். அம்மா மிளகாய்த்தூளையும் அதே பெட்டிக்குள் வைக்கப் பார்க்கிறாள். கஞ்சி போட்ட துணியில் அந்த மணம் ஏறினால் போகாது என்று சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் அவள் கேட்பதில்லை.

மருமகனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா