திருப்பி அனுப்பியது போதும், தீர்ப்புச் சொல்லுங்கள்

படைவீரர்களின் இயலாமை ஓய்வூதிய மேல்முறையீடுகளை விசாரிக்கும் குழுவின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வலிப்பு நோயின் காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட, வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் சிப்பாய் ஒருவரின் மேல்முறையீட்டை, ‘மேலும் பரிசீலனை தேவை’ என்ற ஒற்றை வரியோடு மருத்துவ வாரியத்துக்கே மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அவருக்கு மனு எழுதிக்கொடுத்தவன், படைப்பிரிவில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

ஆள்சேர்ப்பின்போது பல், காது, மார்பளவு, பாதம் வரை சோதித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று எந்த மருத்துவர் கண்ணிலும் படாத நோய், விடுவிக்கும் நாளில் மட்டும் ‘உடல்வாகு சார்ந்தது, பணியோடு தொடர்பற்றது’ ஆகிவிட்டது. கோரிக்கையாளரிடம் ஆதாரம் கேட்கக் கூடாது, நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே என்று 1982ஆம் ஆண்டின் ஓய்வூதியத் தகுதி விதிகள் கூறின. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ளப்படும், அல்லவென்றால் வாரியம் காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. அவ்வழக்கின் நோயும் வலிப்புதான். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

ஊர் திரும்பிய எங்களில் பலரும் முதலில் தேடுவது வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் வேலையை. இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்த எவரும் துப்பாக்கியைக் கொடுக்க முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது மளிகை மண்டி ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். குடோன் ஏணியில் ஏற முதலாளி விடுவதில்லை. வாரியம் அழைக்கும் நாட்களில் அவரைத் தனியே ரயிலேற்ற முடியாது என்பதால், பீடி சுற்றும் மனைவியும் அன்றைய கூலியை விட்டுவிட்டு உடன் செல்கிறார். அங்கே கேட்கப்படுவது பழைய கேள்விகள். எழுதப்படுவது பழைய பதில். ராணுவத்துக்கு அவர் உதவாதவர் ஆனதும், வங்கிக்கு உதவாதவர் ஆனதும் அதே நோயால்தான். ஓய்வூதியக் கோப்பில் மட்டும் அந்த நோய்க்கும் ராணுவத்துக்கும் உறவில்லை.

எனவே கேட்பது ஒன்றே: கையிலுள்ள ஆவணங்களைக் கொண்டே முடிவு சொல்லுங்கள். தகுதியில்லை என்றால் அதையாவது காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போய்க்கொள்கிறோம். திருப்பி அனுப்பப்பட்ட கோப்பை எதிர்த்து எங்கே போவது?

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் உண்டியல் எங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வரும், வீரர்களின் தியாகம் பற்றிய உரைகளும் தவறாமல் நடக்கும். மேலும் பரிசீலனை தேவை என்று அவற்றை ஒருவரும் தள்ளிவைப்பதில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும்.

அடுத்த வாரியத்துக்கான அழைப்பு வந்துவிட்டது. அதை நிறுத்திவைத்து, தங்கள் குழுவே இம்மேல்முறையீட்டை முடித்துத் தர வேண்டும். உண்மையிலேயே ஏதேனும் ஆவணம் குறைகிறதென்றால், அது எதுவென்று குறிப்பிட்டு, முடிவு சொல்லும் தேதியையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்